நாற்காலிக்கு மரியாதை

இந்த உலகத்தில் நேர்மை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு முழுப் பொறுப்பும் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியைத்தான் சேரும். லிஃப்ட் வேலை செய்யாது. நேர்மையும் எங்களைப் போலப் படியேறித்தான் வந்தாக வேண்டும்.

நாங்கள் செய்வது 'சரிபார்ப்பு'. யாராவது எங்காவது வேலைக்கு மனுப் போட்டால், அந்த நிறுவனம் அவருடைய கோப்பை எங்களுக்கு அனுப்பும். அவர் சொன்ன பட்டம் உண்மையா, சொன்ன அனுபவம் உண்மையா, ஆள் நல்லவரா, நல்லவர் மாதிரி இருப்பவரா என்று இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து தொலைபேசியில் துருவுவோம். கடைசியில் கோப்பின் மேல் ஒரு முத்திரை விழும். 'தகுதி' அல்லது 'தகுதியின்மை'. மனிதகுலத்தை இரண்டாகப் பிரிக்க மற்றவர்களுக்குப் பெரிய பெரிய தத்துவங்கள் தேவைப்பட்டன. எங்களுக்கு ஒரு ஸ்டாம்ப் பேட் போதுமாக இருந்தது.

எங்கள் நடுநிலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கே ஆறாது. வருகிற கோப்பெல்லாம் முதலில் கீழ்த்தளத்துக்குப் போகும். அங்கே கறுப்பு மை அம்மா என்று ஒருவர். அவருக்கு ஒரே வேலை. தடித்த பேனாவால் விண்ணப்பதாரரின் பெயர், ஊர், வேலை பார்க்கும் நிறுவனம், வேலை கேட்கும் நிறுவனம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓர் எண்ணை மட்டும் எழுதி மேலே அனுப்புவார். பெண்ணா பிள்ளையா, வேண்டியவரா வேண்டாதவரா, எங்களுக்கு எதுவும் தெரியாது. முத்திரை குத்திய பிறகு கோப்பு கீழே போகும். அறிக்கை உரியவருக்குப் போகும். எங்கள் கையால் எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. இதைவிடப் பெரிய துறவு உண்டா?

நான் அங்கே சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. சேர்ந்த அன்றே 'விசுவாச வட்டத்தில்' நிற்க வைத்தார்கள். தினமும் காலை ஒன்பதுக்கு இருபத்திரண்டு பேரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட் கைக்குக் கை மாறும். அது யார் கையில் இருக்கிறதோ அவர், தான் ஏன் இந்த நிறுவனத்தை விட்டுப் போக மாட்டார் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்ன காரணத்தை இன்று சொல்லக் கூடாது.

எனக்கு முன்னால் நின்றவர் பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர். பேப்பர் வெயிட்டை வாங்கினார். நெடுநேரம் யோசித்தார்.

"வேற எங்கயும் கூப்பிடலீங்க" என்றார்.

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க" என்றார் மேலாளர்.

"நேத்தும் கூப்பிடலீங்க."

மேலாளருக்கு அலுவலகத்தில் 'கேள்விக்குறி' என்று பெயர். எதையும் நம்பாதவர், கழுத்தும் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். இரண்டையும் கணக்கில் எடுத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அவர் வட்டத்தின் நடுவில் நின்று, "யாராவது புதுசா ஒரு யோசனை சொல்லுங்களேன். மேலிடத்துல கேக்கறாங்க" என்றார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"சார், ஒரு வேலையில சேர்ந்து தொண்ணூறு நாள் கூட ஆகல, அதுக்குள்ள இன்னொரு வேலைக்கு மனுப் போட்டுட்டு ஒருத்தர் வர்றாரு. அவரை நம்ம எப்படி 'தகுதி'ன்னு சொல்றது? இன்னிக்கு இவங்களை விட்டுட்டு வர்றவரு, நாளைக்கு அவங்களையும் விட்டுட்டுப் போவாரு. அதுக்குன்னு தனியா ஒரு முத்திரை வேணும் சார். 'தாவுபவர்'னு."

மேலாளர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். மதியத்துக்குள் விதி எழுதப்பட்டு, மாலைக்குள் ரப்பர் முத்திரை செய்து வந்துவிட்டது. விதியில் மேலாளர் தம் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்தார்: குத்தியவரே மனம் மாறினால் ஒரு கையெழுத்தில் முத்திரையை நீக்கலாம், ஆனால் அப்படி ஒன்றை நீக்கினால், அவர் அதுவரை குத்திய எல்லாக் கோப்புகளின் கறுப்பு மையையும் சுரண்டி, யார் யாரென்று மேலாளர் பார்ப்பார். "இல்லன்னா வேண்டியவங்களுக்கெல்லாம் இரக்கப்பட ஆரம்பிச்சிடுவீங்க" என்றார். எவ்வளவு தொலைநோக்கு!

ஐந்தாம் நாள் முதல் தாவுபவர் சிக்கினார். கோப்பில் எண் மட்டும்தான் இருந்தது, தொலைபேசியில் பேசியபோது ஒரு பெண் என்று தெரிந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். அங்கே சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டிருந்தார்.

"ஏன் மாறுறீங்க?" என்றேன், குரலில் சட்டம் ஒலிக்கும்படி.

"அந்த ஆஸ்பத்திரி வீட்டுக்கு அடுத்த தெரு சார். அம்மா விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. மத்தியானம் ஒரு தடவை ஓடிப் போய்த் திருப்பிப் படுக்க வச்சிட்டு வரணும். இங்கேர்ந்து ரெண்டு பஸ் சார், முடியல."

"சேரும்போது அம்மா நல்லாத்தானே இருந்தாங்க?"

"ஆமா சார். விழுறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தாங்க."

"அப்போ அது உங்க குடும்பத்தோட திட்டமிடல்ல உள்ள குறை" என்றேன். புது முத்திரையின் ரப்பர் வாசம்கூடப் போகவில்லை. குத்தினேன். நடுவில் வளைவில்லாமல் அழகாக விழுந்தது. மறுநாள் வட்டத்தில் மேலாளர் பேப்பர் வெயிட்டை என்னிடமே இரண்டு சுற்று விட்டார்.

இப்படி நேர்மை செழித்துக்கொண்டிருந்த எட்டாம் நாள், என் கனவு வேலையிலிருந்து கடிதம் வந்தது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வருஷமாக நான் கூடங்களில் வேலை பார்த்தவன். நீளமான கூடம், சதுரமான கூடம், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கூடம், இல்லாத கூடம். எனக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. கதவு. நான் உள்ளே இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். வெளியே இருப்பவர் தட்ட வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரிய நிறுவனம் 'முதுநிலை ஒழுங்கு ஆலோசகர், தனி அறையுடன்' என்று விளம்பரம் செய்தது. ஆலோசகருக்கு என்ன வேலை என்று அவர்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. 'தனி அறையுடன்' என்பதைப் படித்தவுடனேயே மனுப் போட்டுவிட்டேன்.

என்னுடைய தகுதிகளை எழுதித் தந்தவன் மச்சான். மனைவிக்குத் தம்பி. அடுத்தவர்களுக்கு இப்படி எழுதிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். பதினான்கு பக்கம் எழுதியிருந்தான்.

"மாமா, ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"உங்கள ரொம்ப நல்லா எழுதியிருக்கேன் மாமா. நீங்க படிச்சா நம்ப மாட்டீங்க."

அதனால் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நேர்காணல் வியாழக்கிழமை, அதாவது நான் வேலையில் சேர்ந்த பதினோராம் நாள், ஞாயிற்றைக் கழித்தால் பத்தாம் நாள், சேர்ந்த அன்றைத் தள்ளினால் ஒன்பதாம் நாள் என்று வந்தது.

மனைவிதான் குறுக்கே கேட்டாள். "என்னங்க, தொண்ணூறு நாள்னு நீங்கதானே ஏதோ விதி போட்டீங்க?"

"அது விண்ணப்பதாரர்களுக்கு."

"நீங்க யாரு?"

"நான் எட்டு மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சவன். அவங்கதான் லேட்டு."

அவள் சட்டம் படிக்காதவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

விடுப்பு வாங்குவதில்தான் சிக்கல். எங்கள் அலுவலகத்தில் பல்வலி செல்லாது. இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் எல்லாம் பல்லைப் பிடுங்கப் போவதாகச் சொல்லியே போய்க்கொண்டிருந்தார்கள். மேலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பல் வரைபடம் போட்டு, பிடுங்கிய பல்லை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு டைப்பிஸ்ட் முப்பத்தி நான்காவது பல்லைப் பிடுங்க அனுமதி கேட்ட அன்று மாட்டிக்கொண்டாராம். ஆகவே நான் கண் ஆஸ்பத்திரி என்று எழுதிக் கொடுத்தேன்.

"கண்ணு ரெண்டுதான். பாத்துச் செலவு பண்ணுங்க" என்று கேள்விக்குறி கையெழுத்திட்டார்.

அந்தப் பெரிய நிறுவனத்தில் கதவுகளுக்குப் பஞ்சமே இல்லை. நான் உட்கார வைக்கப்பட்ட இடத்திலிருந்து பன்னிரண்டு எண்ணினேன். உள்ளே மூன்று பேர். நடுவில் ஓர் அம்மையார், இரண்டு பக்கமும் டை கட்டியவர்கள்.

"உங்களைப் பத்தி ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார் அம்மையார்.

"விசுவாசம்."

"இப்ப இருக்கிற வேலையில சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஒன்பது நாள் மேடம்."

டை கட்டிய இருவரும் பேனாவை எடுத்தார்கள். நான் அசரவில்லை. "என்னோட விசுவாசம் உங்க கம்பெனி மேல எட்டு மாசமா இருக்கு மேடம். நடுவுல ஒன்பது நாள் அங்க உடம்பு மட்டும்தான் போயிட்டு வருது."

"நீங்க சாதிச்சதுல பெரிசு எது?"

தாவுபவர் விதியைச் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப உங்க விதிப்படி..." என்று இடது டை ஆரம்பித்தார். வலது டை அவர் முழங்கையைத் தொட்டார்.

அம்மையார் கோப்பை மூடினார். "எங்களுக்குத் திருப்தி. ஒரே ஒரு சம்பிரதாயம். வெளியில ஒரு சரிபார்ப்பு நிறுவனத்துக்கு உங்க ஃபைலை அனுப்புவோம். அவங்க 'தகுதி'ன்னு சொல்லிட்டா ரூம் உங்களுக்கு."

"எந்த நிறுவனம் மேடம்?"

"எங்களுக்கே தெரியாது. அதுக்கு வேற ஒரு டிபார்ட்மென்ட். நடுநிலைக்காக."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்மைப் போலவே இன்னோர் இடத்திலும் நடுநிலை இருக்கிறதே என்ற சந்தோஷம். வெளியே வரும்போது நானாகவே கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சத்தமே இல்லை. உயர்ந்த ரகக் கதவு.

அடுத்த வாரம் அலுவலகத்தில் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. அப்படி ஓர் ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பதினான்கு பக்கத்துக்குத் தற்பெருமை. 'கூடங்களைக் கட்டியெழுப்பிய தலைவர்' என்று ஒரு வரி. 'இவர் இருந்த இடங்களில் எல்லாம் மின்விசிறிகள்கூட ஒழுங்காகச் சுற்றின' என்று இன்னொரு வரி. வேகமாகப் பக்கம் புரட்டினேன். பின்னால் நேர்காணல் குறிப்பு இணைத்திருந்தார்கள். 'கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சேர்ந்த வேலைக்கு உடம்பை மட்டும் அனுப்புவதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நன்றாகப் பேசுகிறார், எடுத்துக்கொள்ளலாம்.' தற்போதைய வேலையில் இருந்த காலம் என்ற கட்டத்தில், ஒன்பது நாள்.

ஒன்பதே நாள்! இதற்குத் தொலைபேசியில் வேறு துருவ வேண்டுமா? எனக்கு ரத்தம் கொதித்தது. சோறு போடுகிற இடத்துக்கு உடம்பை மட்டும் அனுப்புகிற இப்படிப்பட்ட பிறவிகளால்தானே நல்லவர்களுக்கும் கெட்ட பெயர்? அந்த ஒன்பது என்ற எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி ஒரு நினைவு வந்தது. பஸ் நம்பராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினேன். அதோடு மனம் ஆறவில்லை. குறிப்புப் பகுதியில், என் பதினேழு வருட அனுபவத்தையும் பிழிந்து ஒரு வாக்கியம் எழுதினேன்: 'இவரை உட்கார வைப்பதைவிட, நாற்காலியைக் காலியாக விடுவதே நாற்காலிக்குச் செய்யும் மரியாதை.'

மறுநாள் வட்டத்தில் மேலாளர் அதை உரக்கப் படித்தார். பதினோரு வருடக்காரர்கூடச் சிரித்தார். மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் அதை எல்லாக் கிளைகளுக்கும் மாதிரி வாக்கியமாக அனுப்பியது. வீட்டிலும் சொன்னேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள் கடைசியில்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை காலை, கனவு நிறுவனத்தின் கடிதம் வந்தது. காபியை வைத்துவிட்டு மனைவியே பிரித்து வாசித்தாள். வருந்துகிறோம் என்று ஆரம்பித்தது. சரிபார்ப்பு அறிக்கையின் குறிப்பை உள்ளபடியே இணைத்திருக்கிறோம் என்றது.

"இவரை உட்கார வைப்பதைவிட..." என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். கடிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்னங்க, இது உங்க வாக்கியம்."

நான் பிடுங்கிப் படித்தேன். நாற்காலி இருந்தது. மரியாதையும் இருந்தது.

"எந்தப் பாவி..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. கனவு போன வேதனை என்றால் அப்படி ஒரு வேதனை. பதினேழு வருஷம் காத்திருந்த கதவை என் கையாலேயே ஆணியடித்து மூடியிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

மனைவி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "அந்த ரத்தம் எடுக்கிற பொண்ணுக்கும் இப்படித்தானே ஒரு லெட்டர் போயிருக்கும்?" என்றாள்.

"அது வேற."

"என்ன வேற? உங்களுக்குக் கதவுதான் இல்ல. அவளுக்கு அம்மாவைப் பாத்துக்க ஆள் இல்ல. ஒரு கையெழுத்துதானேங்க. போட்டு விட்டுடுங்களேன்."

போடலாம்தான். ஆனால் ஒன்றை நீக்கினால் நான் குத்திய எல்லாவற்றையும் சுரண்டுவார்கள். சுரண்டினால் கறுப்பு மைக்குக் கீழே என் பெயர் இருக்கும். கண் ஆஸ்பத்திரியும் இருக்கும். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் பாருங்கள், நேர்மை தன் மக்களைக் கைவிடுவதில்லை. திங்கட்கிழமை வட்டத்தில் கேள்விக்குறி தொண்டையைச் செருமினார். "இந்த மாதிரி ஈவிரக்கம் பாக்காத ஒரு அலுவலரை நாம கூடத்துல வச்சிருக்கிறது தப்புன்னு மேலிடம் சொல்லுது. வேற யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்க" என்றார். ஸ்டேஷனரி அறையைக் காலி செய்து, எனக்குக் கொடுத்தார்கள். கதவுடன். சாத்தினால் கொஞ்சம் கிரீச்சிடும், ஆனால் கதவு கதவுதான். உள்ளே, என் நாற்காலிக்கு நேர் மேலே, என் வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஒரு பெரிய மனிதனின் வாழ்க்கையில் எல்லாம் எப்படிக் கூடி வருகிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அந்த அறையில் உட்கார்ந்து ஒன்றரை மாதத்தில் நாற்பத்தொரு தாவுபவர்களைக் களையெடுத்தேன். பிறகு ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. ஆசையாகக் கொஞ்ச நேரம் தட்டவிட்டுத்தான் "வாங்க" என்றேன்.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண். தோளில் துணிப்பை. நின்றுகொண்டே பேசினார்.

"சார், நீங்கதான் ஃபோன்ல பேசினது. கீழ பேர் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. வராந்தாவுல நீங்க யாரையோ சத்தம் போட்டுட்டு இருந்தீங்க, குரலை வச்சுக் கண்டுபிடிச்சேன். நான் ரத்தம் எடுக்கிறவ."

"சொல்லுங்க."

"எனக்கு இப்ப தொண்ணூறு நாள் தாண்டிடுச்சு சார். அந்த ஆஸ்பத்திரியில இன்னும் ஆள் எடுக்கல. முத்திரையை எடுத்துட்டு வந்தா சேத்துக்கிறோம்ங்கிறாங்க. குத்தினவரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம்."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"முதுகெல்லாம் புண்ணாயிடுச்சு சார். மத்தியானம் திருப்பிப் போட ஆள் இல்ல."

மேஜையில் பேனா இருந்தது. என்னுடைய பேனா. மூடிகூடத் திறந்துதான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு கதவைப் பார்த்தேன்.

"விதி இடம் கொடுக்கலம்மா" என்றேன்.

அவர் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. பையைத் தோளில் சரிசெய்தபோது சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார். நிதானமாக, எழுத்துக் கூட்டுவதுபோல முழுவதும் வாசித்தார்.

"இது என்னைப் பத்தி எழுதினதா சார்?"

"இல்லம்மா. அது வேற ஒருத்தரு. சேர்ந்து ஒன்பது நாள்ல தாவினவரு."

"ஒன்பது நாளா! அவருக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல. ரூம் வேணும்னு."

"அவருக்கும் வேலை போச்சா சார்?"

நான் பொய் சொல்வதில்லை, தொழில் அப்படி. "இல்ல. நல்லா இருக்காரு. தனி ரூம் கிடைச்சுடுச்சு" என்றேன்.

அவர் சட்டத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்த என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். ரத்தம் எடுப்பதற்கு நரம்பைத் தேடுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா" என்றேன்.

சாத்தவில்லை. அகலத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடத்தில் இருந்த இருபத்தொரு பேரும் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தார்கள்.

நானேதான் எழுந்து போய்ச் சாத்த வேண்டியிருந்தது. நான் போய்த் திரும்பும்வரை நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை நாளில் அதற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.